ஒரே வேகத்தில் நகரும் மேசையின் மேல் நிகர விசை சுழி என்றால், கை எதற்காகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நியூட்டனின் விதிகளைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நேர்கோட்டில் சீரான வேகத்தில் நகரும் பொருளின் மேல் நிகர விசை, அதாவது எல்லா விசைகளையும் திசையோடு கூட்டி வருவது, சுழி என்று பாடத்தில் இருக்கிறது. "மேசையைத் தரையில் தள்ளிக்கொண்டு போகும்போது கை வலிக்கிறதே, தள்ளுவதை விட்டால் மேசையும் நின்றுவிடுகிறதே, அப்புறம் எப்படி விசை சுழி?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் தேடும்போது உங்களுக்கே இன்னொரு சந்தேகம் வந்திருக்கிறது: மேலே எறிந்த பந்தை மேலே கொண்டுபோகும் விசை எது, உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அந்த விசை தீர்ந்துபோகிறதா? கணக்கு போட வருகிறது, விடையும் சரியாக இருக்கிறது, மனதில்தான் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க விசை வேண்டுமா, இல்லை, அது நகரும் விதம் மாறுவதற்கு மட்டும்தான் விசை வேண்டுமா? பல வருடங்களாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். இயக்கவியலில் மாணவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால் இந்தக் கேள்வியில்தான் போய் முடிகிறது. பதில் இரண்டாவதுதான். நிகர விசை இருந்தால் திசைவேகம், அதாவது திசையோடு சேர்ந்த வேகம், மாறும். நிகர விசை இல்லையென்றால் திசைவேகம் இருந்தபடியே இருக்கும், அது சுழியாக இருந்தாலும் சரி, நொடிக்கு ஆயிரம் மீட்டராக இருந்தாலும் சரி. இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நாம் அன்றாடம் பார்ப்பது எல்லாம் இதற்கு நேர் எதிராகத் தோன்றுவதால், அந்த ஒரு வரி யார் மனதிலும் தானாக உட்காராது. எண்களை வைத்துக்கொண்டு மெதுவாகப் போனால்தான் உட்காரும்.

மேசையை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை 20 கிலோகிராம். புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும் விசை 20 × 9.8, அதாவது 196 நியூட்டன். தரையும் அதே 196 நியூட்டனால் மேசையை மேலே தாங்குகிறது. மேசை நகர ஆரம்பிப்பதற்கு முன் தரைக்கும் மேசைக்கும் இடையே நிலை உராய்வுக் குணகம் (அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாக வரும் என்பது) 0.4 என்றும், நகர ஆரம்பித்தபின் இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் 30 நியூட்டன் விசையோடு தள்ளுகிறீர்கள், மேசை அசையவில்லை. தரை 30 நியூட்டனால் எதிர்த்துத் தள்ளுகிறது. 60-க்கு ஏற்றுகிறீர்கள், தரையும் 60 தருகிறது. இப்படித் தரையால் அதிகபட்சம் 0.4 × 196, அதாவது 78.4 நியூட்டன் வரைதான் ஈடுகொடுக்க முடியும். நீங்கள் 80-ஐத் தொட்டதும் மேசை பிடிவிட்டு நகர்கிறது. நகர்ந்த அந்தக் கணமே தரையின் எதிர்ப்பு 0.3 × 196 = 58.8 நியூட்டனாக இறங்கிவிடுகிறது. கையை 80-லேயே வைத்திருந்தால் 21.2 நியூட்டன் மிச்சம். அதை 20 கிலோகிராமால் வகுத்தால் முடுக்கம், அதாவது ஒவ்வொரு நொடியும் கூடும் வேகம், நொடிக்குக் கிட்டத்தட்ட 1.06 மீட்டர். அப்படியே தொடர்ந்தால் மூன்று நொடியில் மேசை நொடிக்கு மூன்று மீட்டருக்கும் மேல் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் பின்னால் ஓட வேண்டியிருக்கும். யாரும் அப்படி ஓடுவதில்லை. மேசை நகர்ந்ததும் நமக்கே தெரியாமல் கையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறோம். அது 58.8-க்கு வந்து நிற்கும்போதுதான் மேசை சீரான வேகத்தில் நகர்கிறது.

ஆக, கை 58.8 நியூட்டன் முன்னால் தள்ளுகிறது, தரை 58.8 நியூட்டன் பின்னால் தள்ளுகிறது. கூட்டினால் சுழி. நிகர விசை சுழி என்றால் விசையே இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் மகளின் கை உண்மையாகவே தள்ளுகிறது, அதில் எந்தப் பொய்யும் கிடையாது. "சுழி என்றால் எப்படி நகர்கிறது?" என்று அவள் அடுத்துக் கேட்டால், அங்கே இரண்டு வேறு வேறு நேரங்கள் கலந்துவிடுகின்றன என்று காட்டுங்கள். நகர ஆரம்பித்தது 80 நியூட்டன் கொடுத்த அந்தச் சிறிய இடைவெளியில், அப்போது நிகர விசை சுழி இல்லை. அங்கே கிடைத்த வேகம்தான் பிறகும் இருக்கிறது. பிறகு கை செய்வதெல்லாம், அந்த வேகத்தைத் தரை தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

அவள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி: தள்ளுவதை விட்டால் மேசை நின்றுவிடுகிறதே. இதுதான் விசை இல்லாமல் இயக்கம் இல்லை என்று உலகத்தையே நம்பவைத்த அனுபவம், ஆகவே அவசரப்படாமல் பார்ப்போம். மேசை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கையை எடுத்துவிடுகிறீர்கள். இப்போது மேசையின் மேல் கிடைமட்டமாக இருப்பது பின்னோக்கிய 58.8 நியூட்டன் மட்டும். எதிர் முடுக்கம் 58.8 ÷ 20 = 2.94. அரை மீட்டர் வேகம் தீர ஆகும் நேரம் 0.17 நொடி, அதற்குள் மேசை நகரும் தூரம் நான்கே கால் சென்டிமீட்டர். ஏறக்குறைய ஆறில் ஒரு நொடியில், நான்கு விரல் அகலத்துக்கும் குறைவான தூரத்தில் நின்றால் யாருக்குத்தான் "விட்டதும் நின்றுவிட்டது" என்று தோன்றாது? ஆனால் அது விட்டதும் நிற்கவில்லை. நிறுத்தப்பட்டது. அதே மேசையைப் பத்தில் ஒரு பங்கு உராய்வு உள்ள தரையில், குணகம் 0.03 உள்ள இடத்தில், அதே வேகத்தில் விட்டுப் பாருங்கள்: 42.5 சென்டிமீட்டர் போய் 1.7 நொடியில் நிற்கும். இன்னும் பத்தில் ஒரு பங்கு என்றால் நாலேகால் மீட்டர், 17 நொடி. உராய்வு பத்து மடங்கு குறையக் குறைய தூரம் பத்து மடங்கு நீண்டுகொண்டே போகிறது. உராய்வு அடியோடு இல்லை என்றால்? தூரத்துக்கு முடிவே கிடையாது. நிற்பதற்குக் காரணம் வேண்டும், போய்க்கொண்டிருப்பதற்குக் காரணம் வேண்டாம் என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நாம் சொல்லிக் கேட்டால் அது இன்னொரு விதி, அவ்வளவுதான்.

கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் போன வழியும் ஏறக்குறைய இதுவே. சரிவில் உருண்டு இறங்கும் குண்டு எதிரே உள்ள சரிவில் ஏறக்குறைய தொடங்கிய உயரத்துக்கே ஏறுகிறது. எதிர்ச்சரிவைச் சாய்த்துக்கொண்டே போனால் அதே உயரத்தைத் தொட அது அதிக தூரம் ஓட வேண்டும். முழுக்கப் படுக்க வைத்துவிட்டால் அந்த உயரத்தை எட்டவே முடியாது, ஆகவே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நேர்கோட்டில்தான் ஓடும் என்பதை டெக்கார்த் 1644-ல் தெளிவாக எழுதினார். நியூட்டன் 1687-ல் இதைத் தன் முதல் விதியாக வைத்தார். அதற்கு முன் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து, நகரும் பொருளை ஏதாவது ஒன்று நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் ஏற்கப்பட்ட கருத்து. இதைச் சொல்லும்போது அரிஸ்டாட்டிலை மட்டம் தட்ட வேண்டியதில்லை. உராய்வு நிறைந்த உலகத்தில் கண்ணால் கண்டதை அவர் நேர்மையாகவே எழுதினார். உராய்வும் காற்றும் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இன்று நம்மிடம் நல்ல சான்று உண்டு. 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் சூரியனைப் பொறுத்து நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதை முன்னால் தள்ள எந்த எந்திரமும் ஓடவில்லை. அதில் இருக்கும் சிறு உந்திகள் ஆன்டெனாவைப் பூமியின் பக்கம் திருப்பி வைப்பதற்கு மட்டும்தான். சூரியனின் ஈர்ப்பு அதன் வேகத்தை மிக மிகச் சிறிதாகக் குறைத்துக்கொண்டும் இருக்கிறது. முன்னோக்கிய விசை இல்லை, பின்னோக்கிய விசை கொஞ்சம் உண்டு, ஆனாலும் அது போகிறது.

சரி, இப்போது பந்து. 200 கிராம் நிறையுள்ள பந்தை நேர் மேலே நொடிக்கு 14.7 மீட்டர் வேகத்தில் எறிகிறீர்கள். கையில் இருக்கும்போது அரை மீட்டர் தூரத்துக்குக் கை அதைத் தள்ளியது என்றால், கை கொடுத்த விசை சராசரியாக 45 நியூட்டன் அளவுக்கு இருக்கும், நீடித்த நேரம் சுமார் 0.07 நொடி. பந்து விரலை விட்டுப் பிரிந்ததும் அந்த விசை முடிந்தது. குறைந்துபோகவில்லை, மெல்லத் தேயவில்லை, அறவே இல்லை. காற்றின் தடையை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், அதன்பின் பந்தின் மேல் இருப்பது ஒரே ஒரு விசை: கீழ்நோக்கிய 1.96 நியூட்டன் எடை. மேலே போகும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான், இறங்கும்போதும் அதுதான்.

அரை நொடிக்கு ஒருமுறை வேகத்தை எழுதிப் பாருங்கள். மேல்நோக்கியதை நேர்க்குறியாக வைத்தால் 14.7, பிறகு 9.8, பிறகு 4.9, பிறகு 0, பிறகு கழித்தல் 4.9, பிறகு கழித்தல் 9.8. ஒவ்வொரு அரை நொடியிலும் 4.9 குறைகிறது. ஏறும்போதும் அதே குறைவு, உச்சியைத் தாண்டும்போதும் அதே குறைவு. ஒன்றரை நொடியில், கையிலிருந்து 11 மீட்டர் உயரத்தில், வேகம் சுழி ஆகிறது. அங்கே முடுக்கமும் சுழி என்று நினைப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வேகமும் சுழி, வேகத்தின் மாற்றமும் சுழி என்றால், அடுத்த கணம் வேகம் என்னவாக இருக்கும்? சுழிதான். அதற்கடுத்த கணமும் சுழி. பந்து அந்தரத்திலேயே தங்கிவிட வேண்டியதுதான். அது இறங்குகிறது என்பதே உச்சியிலும் முடுக்கம் இருந்ததற்குச் சான்று. பல வகுப்புகளில் இந்த இடத்தில்தான் முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் "பந்துக்குள் ஏதோ ஒன்று இருந்துதானே மேலே போகிறது?" என்ற எண்ணம் போகாது. போகாததற்கு நல்ல காரணம் உண்டு, அதை முழுத் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரிஸ்டாட்டில், எறிந்த பொருளைச் சுற்றியுள்ள காற்றே தள்ளிக்கொண்டு போகிறது என்று விளக்கினார். 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த பிலோப்போனஸ் என்ற தத்துவ அறிஞர் அதை மறுத்து, எறிபவர் பொருளுக்குள் ஏதோ ஒன்றைப் பதித்து அனுப்புகிறார் என்றார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிசில் புரிதான் என்ற தத்துவ அறிஞர் அதை வளர்த்து, அப்படிப் பதிந்தது பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது என்றார். உங்கள் மகளும் நீங்களும் நினைப்பது இதைத்தான். 1982-ல் ஜான் கிளமென்ட் என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களிடம் மேலே சுண்டிய நாணயத்தின் மேல் உள்ள விசைகளை வரையச் சொன்னபோது, பெரும்பாலானவர்கள் மேல்நோக்கி ஓர் அம்பையும் சேர்த்து வரைந்தார்கள். பாடம் முடிந்த பிறகும் பலர் அதை விடவில்லை. உண்மையிலேயே பந்து எதையோ சுமந்துகொண்டுதான் போகிறது. அதன் பெயர் உந்தம், நிறையும் திசைவேகமும் பெருக்கி வருவது. நம் பந்துக்குக் கிளம்பும்போது அது 0.2 × 14.7 = 2.94. ஈர்ப்பு விசை ஒவ்வொரு நொடியும் அதில் 1.96-ஐக் கழிக்கிறது, ஒன்றரை நொடியில் தீர்கிறது. ஆகவே உங்கள் உள்ளுணர்வு கண்ட பொருள் சரி, அதைப் போட்ட பெட்டிதான் தவறு. உந்தம் என்பது பொருளிடம் இருப்பது. விசை ஒரு பொருளிடம் இருப்பதல்ல. இரண்டு பொருள்களுக்கு இடையே நடப்பது. "இந்த விசையைக் கொடுப்பது எது?" என்று கேட்டு, ஒரு பொருளின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால், அந்த அம்பை அழித்துவிடலாம். பந்தை மேலே தள்ளும் விசை என்று வரைந்தால், கொடுப்பது யார்? கை விலகிவிட்டது. வேறு யாரும் இல்லை.

கை வலிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது இயற்பியலைவிட உடலியலைச் சேர்ந்தது. சுவரை எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் சுவர் நகராது. இயந்திரவியல் கணக்கில் நீங்கள் சுவரின் மேல் செய்த வேலை சுழி. ஆனாலும் களைத்துவிடுகிறீர்கள். தசை நார்களுக்குள் மையோசின் மூலக்கூறுகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன; ஒவ்வொரு சுற்றுக்கும் உடல் ஆற்றலைச் செலவழிக்கிறது. தசையின் நீளம் மாறாவிட்டாலும் அந்தச் செலவு நிற்பதில்லை. மேசையைப் பொறுத்தவரை நீங்கள் வேலையும் செய்கிறீர்கள்: இரண்டு மீட்டர் தள்ளினால் ஏறக்குறைய 118 ஜூல், அவ்வளவும் தரையும் மேசைக்காலும் உரசிச் சூடாவதில் போகிறது. வலி என்பது நீங்கள் விசை கொடுப்பதற்கு அடையாளம். நிகர விசை இருப்பதற்கு அடையாளம் அல்ல.

இதைப் புரிந்துகொண்டதும் அவள் மூன்றாம் விதியில் வந்து மாட்டிக்கொள்வாள், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். கை மேசையைத் தள்ளும் அளவுக்கே மேசையும் கையைத் தள்ளுகிறது என்றால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாதா, எதுவுமே நகரக்கூடாதே? அழிக்காது, ஏனென்றால் அவை வேறு வேறு பொருள்களின் மேல் செயல்படுகின்றன. ஒரு பொருள் எப்படி நகரும் என்பதை, அதன் மேல் செயல்படும் விசைகள் மட்டுமே தீர்மானிக்கும். மேசையின் கணக்கில் கையின் தள்ளலும் தரையின் உராய்வும் வரும். மேசை கையைத் தள்ளுவது உங்கள் கணக்கில் வரும். அங்கே அதை ஈடுசெய்வது தரை உங்கள் பாதத்தை முன்னால் தள்ளும் உராய்வு. வழுக்கும் தரையில் நின்று மேசையைத் தள்ளினால் நீங்கள் பின்னால் சறுக்குவது இதனால்தான். மேசை வேகம் எடுக்கும்போது கை "வென்றுவிட்டது" என்றும் நினைக்க வேண்டாம். 80 நியூட்டனில் தள்ளிய அந்த நேரத்திலும் மேசை உங்கள் கையை 80 நியூட்டனால்தான் தள்ளியது. கை வென்றது மேசையை அல்ல, மேசைக்கும் தரைக்கும் இடையே இருந்த உராய்வை.

மேசைமேல் இருக்கும் புத்தகத்தில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. புத்தகத்தின் எடையும் மேசை மேல்நோக்கித் தாங்கும் விசையும் சமம், எதிர்த்திசை. உடனே அவை வினை, எதிர்வினை என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் இருக்கின்றன. வினை எதிர்வினையைக் கண்டுபிடிக்கப் பெயர்களை இடம் மாற்றிப் போட்டால் போதும்: பூமி புத்தகத்தை இழுக்கிறது என்பதற்கு எதிர்வினை, புத்தகம் பூமியை இழுக்கிறது என்பது. ஒரு கிலோகிராம் புத்தகம் பூமியை 9.8 நியூட்டனால் இழுக்கத்தான் செய்கிறது. பூமியின் நிறை 6-க்குப் பின்னால் 24 சுழிகள் போட்ட கிலோகிராம் என்பதால் விளைவு நமக்குத் தெரிவதில்லை. மேசை போன்ற உயிரற்ற பொருள் எப்படி மேலே தள்ளும் என்று அவள் சந்தேகப்பட்டால், புத்தகத்தை முதலில் ஒரு பஞ்சின் மேல் வைத்துக் காட்டுங்கள். பஞ்சு அமுங்கி, அமுங்கிய அளவுக்கு ஏற்றபடி எதிர்த்துத் தள்ளுவது கண்ணுக்குத் தெரியும். மரமும் அமுங்கத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு.

சொல்லிக்கொடுக்கும்போது ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கானாலும் முதலில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். அந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை என்று அவள் வரிசையாகச் சொல்லட்டும். தொடும் ஒவ்வொன்றும் விசை கொடுக்கலாம். தொடாமல் விசை கொடுப்பதில் அவள் வகுப்பில் பெரும்பாலும் புவியீர்ப்பு மட்டும்தான் வரும், அப்புறம் காந்தமும் மின்னூட்டமும். அம்புகளை வரைந்த பிறகுதான் சமன்பாடு. திசைவேகத்தை வேறு நிறத்தில், படத்துக்கு வெளியே வரையச் சொல்லுங்கள். விசையும் திசைவேகமும் ஒரே படத்தில் ஒரே மாதிரி அம்புகளாக இருந்தால் மனம் இரண்டையும் கூட்டிவிடும்.

இதில் எவ்வளவு உறுதி, எங்கே எல்லை என்பதையும் பிரித்துச் சொல்வது நியாயம். நிகர விசைதான் உந்தத்தை மாற்றுகிறது என்பதில் அன்றாட உலகத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் நான் மேலே பயன்படுத்திய உராய்வு விதி அந்த ரகம் அல்ல. பிரெஞ்சு அறிஞர்கள் அமோந்தோன் 1699-லும் கூலோம் 1785-லும் எழுதியது அது. உராய்வு, அழுத்தும் விசைக்கு நேர்விகிதம், வேகத்தைப் பெரிதாகச் சாராது என்பது நல்ல தோராயம் மட்டுமே. பரப்பின் ஈரம், தூசி, சூடு என்று பலவற்றால் குணகம் மாறும், 0.3 என்று நான் எடுத்ததைத் தரையில் அளந்தால் இடத்துக்கு இடம் வேறாக இருக்கும். அதே போல, பந்துக்குக் காற்றுத் தடையை ஒதுக்கினேன். இறகுக்கோ பலூனுக்கோ அப்படி ஒதுக்கினால் விடை முற்றிலும் தவறாகிவிடும்.

இன்னொரு எல்லை, எங்கே நின்று பார்க்கிறோம் என்பது. ஓடும் பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம். முன்னால் தள்ளியது யார்? யாரும் இல்லை, நாம் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறோம், நமக்குக் கீழே பேருந்துதான் வேகம் குறைகிறது. தரையில் நிற்பவருக்கு இதில் புதிர் எதுவும் கிடையாது. பேருந்துக்குள்ளேயே இருந்துகொண்டு நியூட்டன் விதியை எழுத முயன்றால்தான், கொடுப்பவர் இல்லாத ஒரு விசையைக் கற்பித்துக்கொள்ள நேரிடும். விதிகள் அப்படியே பொருந்தும் இடங்களை நிலைமக் குறிப்பாயம் என்பார்கள். முதல் விதி, இரண்டாம் விதியில் (விசை = நிறை × முடுக்கம்) விசையைச் சுழியாக்கினாலே கிடைத்துவிடுகிறதே, தனியாக எதற்கு என்று நல்ல மாணவர்கள் கேட்பதுண்டு. அப்படிப்பட்ட குறிப்பாயம் இருக்கிறது என்று சொல்வதே அதன் வேலை என்று பல ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் பாடநூல்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை.

விசை = நிறை × முடுக்கம் என்ற வடிவம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது தவறிப்போகும். அது அவளைத் தொட இன்னும் நாளாகும். பூமி சூரியனைச் சுற்றும் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில்கூட அந்தத் திருத்தம் 20 கோடியில் ஒரு பங்குதான். ஆழமான கேள்வி வேறு ஒன்று: நகர்வதை மாற்றக் கடினமாக இருக்கும் அளவான நிறையும், ஈர்ப்புக்கு உட்படும் அளவான நிறையும் ஏன் ஒன்றாகவே இருக்க வேண்டும்? அவை ஒன்றாக இருப்பதால்தான் 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரே நேரத்தில் விட்ட சுத்தியலும் இறகும் சேர்ந்து விழுந்தன. 2016-ல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளின் இறுதி முடிவுகள் 2022-ல் வந்தன. கோடி கோடியில் ஒரு பங்கைவிட நுணுக்கமாகப் பார்த்தும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் இந்தச் சமத்துவத்தை அடித்தளமாகவே எடுத்துக்கொள்கிறது. பொருள்களுக்கு, வேக மாற்றத்தை எதிர்க்கும் நிலைமம் என்ற குணம் முதலில் எதனால் வந்தது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் பதில் இன்னும் இல்லை. மகள் அதைக் கேட்டால், இது விஞ்ஞானிகளுக்கும் திறந்திருக்கும் கேள்விதான் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். கம்பியில் தொங்கும் 500 கிலோகிராம் லிஃப்ட் மேலே போகிறது. மூன்று கட்டம்: கிளம்பும்போது மேல்நோக்கி முடுக்கம், ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் கூடும் அளவுக்கு, நடுவில் சீரான வேகம், மேல்தளத்தில் நிற்க வரும்போது அதே அளவு எதிர் முடுக்கம். மூன்றிலும் கம்பியின் இழுவிசை எவ்வளவு? கணக்கு போடுவதற்கு முன், எது பெரியது, எது சிறியது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். விடைகள் 5400, 4900, 4400 நியூட்டன். நடுக்கட்டத்தில் இழுவிசை எடைக்குச் சமம் என்பதையும், கடைசிக் கட்டத்தில் லிஃப்ட் இன்னும் மேலேதான் போகிறது, ஆனால் கம்பி அதன் எடையைவிடக் குறைவாக இழுக்கிறது என்பதையும் அவள் எண்களைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டால், அடுத்த பாடத்துக்குப் போகலாம். "மேலே போகிறதே, அப்போ கம்பிதானே ஜெயிக்கணும்?" என்று கேட்டால், பந்தின் அரை நொடிக் கணக்கை இன்னொரு முறை அவளையே எழுதச் சொல்லுங்கள்.